தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம்

என் கழுத்தில் கட்டி இருக்கிறது என்று முதலில் சொன்னவர் ஒரு நோயாளி. பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இடுப்பு எலும்பு முறிந்து கண்டியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஓர் அம்மா. நான் அவர் தலைமாட்டில் நின்று கண்ணை மூடி, குரலை உயர்த்தி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, ஒங்க கழுத்துல என்னமோ உருண்டையா ஏறி எறங்குதே. டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்காக நான் மூச்சுவிடாமல் மன்றாடிக்கொண்டிருக்க, அவர் கண்ணைத் திறந்துகொண்டு என் கழுத்தை ஆராய்ந்திருக்கிறார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீங்க ஒங்க ஒடம்பப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று ஒரு மிடறு தண்ணீர் குடித்துப் பார்த்தேன். உருண்டை ஏறி இறங்கியது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு மேல் வாடகை அறையில் தனியாக இருந்தேன். கண்டியில் ஒரு பாடசாலையில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஒரே தம்பி பண்டாரவளையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தான். எங்கள் சபையில் நோயாளர் சந்திப்புக் குழு என்று ஒன்று உண்டு. பத்தொன்பது வருடங்களாக அதற்கு நான்தான் தலைவி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலு பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவோம். யாரைப் பார்க்க வேண்டும், யாருக்காகச் சபையில் ஜெபிக்க வேண்டும் என்ற பட்டியலைச் சனிக்கிழமை நான் எழுதிக் கொடுப்பேன். போதகர் ஐயா அதை மறுநாள் பீடத்திலிருந்து வாசிப்பார். என் கையெழுத்தில் இல்லாத பெயர் அந்தப் பட்டியலில் வந்ததே கிடையாது.

விதிகளையும் நான்தான் போட்டேன். ஒரு கட்டிலுக்கு ஐந்து நிமிடம். கட்டிலில் உட்காரக் கூடாது. கால்மாட்டில் தொங்கும் சீட்டைப் பார்க்கக் கூடாது, என்ன நோய் என்று கேட்கக் கூடாது. சாப்பாடு எதுவும் கொடுக்கக் கூடாது. தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது. கால்மாட்டில் நின்று மெதுவாக ஜெபித்துவிட்டுப் போய்விட வேண்டும். எல்லாம் நல்ல விதிகள்தான், இப்போதும் ஒவ்வொன்றுக்கும் என்னால் நியாயம் சொல்ல முடியும். புறப்படும்போது "ஏதாவது தேவைன்னா சொல்லுங்க" என்போம். பிறகு என் கொப்பியில் ஒரு சரி அடையாளம்.

பத்தொன்பது வருடத்தில் தேவையைச் சொன்னவர்கள் மிகக் கொஞ்சம். ஒருமுறை ஒரு வயதான பெண், "கால் நகம் வளந்து சீலையில மாட்டுது, குனிய முடியல, வெட்டிவிடுறீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்து, "மிஸ்கிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றேன். தாதியிடம் சொன்னேனா என்று நினைவில்லை. சரி அடையாளம் போட்டது நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் வாங்குப் பலகையில் மூன்று காலைகள் உட்கார்ந்தேன். முதலில் இரத்தம் எடுத்தார்கள். பிறகு கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் செய்தார்கள். மூன்றாம் நாள் கட்டிக்குள் மெல்லிய ஊசியைக் குத்தித் துளிச் சதைநீரை உறிஞ்சி எடுத்தார்கள். நுளம்பு கடித்த மாதிரி இருக்கும் என்றார்கள். அவ்வளவு பெரிய நுளம்பை நான் பார்த்ததில்லை. எங்கே போனாலும் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "கூட யாரும் வரலியா?" என்பதுதான். "அவங்க கேன்டீனுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

முடிவைச் சொன்ன டாக்டர் இளைஞர், சிங்களவர், பொறுமைசாலி. கடதாசியில் படம் போட்டுக் காட்டினார். தொண்டைக்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு சிறகோடு இருப்பது தைரொயிட் சுரப்பி. என் வலப்பக்கச் சிறகில் கட்டி. புற்றுநோயா இல்லையா என்று ஊசியால் சொல்ல முடியவில்லை. அந்தச் சிறகை வெட்டி எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். பிறகு பேனையால் சிறகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கோடு இழுத்தார். "இது குரலுக்குப் போகும் நரம்பு. நூல் போல இருக்கும். கவனமாகத்தான் செய்வோம். ஆனாலும் சிலருக்குக் குரல் போய்விடும். பெரும்பாலும் திரும்பி வரும். சிலருக்கு வராமலும் போகலாம்" என்றார்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டபோது வராத நடுக்கம் அப்போது வந்தது. என்னிடம் வேறு என்ன இருந்தது? பணம் இல்லை, ஆள் பலம் இல்லை. ஆண்டவருக்கென்று நான் செய்த ஊழியம் எல்லாம் தொண்டையில்தான் இருந்தது. ஜெபிக்கவும் பாடவும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கவும் அந்த ஒன்றைத்தான் நம்பியிருந்தேன்.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் சத்திரசிகிச்சைக்குத் திகதி வாங்கிக்கொண்டு, பண்டாரவளைக்குத் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சபையில் பொய் சொன்னேன். தம்பிக்கு ஒன்றுமே சொல்லவில்லை. நான் இல்லாத ஞாயிறுக்கும் முன்கூட்டியே பட்டியல் போட்டுப் பதினொரு பெயர் எழுதினேன். பன்னிரண்டாவதாக என் பெயரை எழுதப் பேனையை வைத்தேன், எடுத்துவிட்டேன். அடக்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பெருமை. பார்க்கப் போகிறவளாக இருந்து பழகியவளுக்குப் பார்க்கப்படுகிறவளாகக் கிடக்க மனம் வரவில்லை. பட்டியலை ரோஸ்லினிடம் கொடுத்துவிட்டு, துவாயும் சவர்க்காரமும் இரண்டு கவுனும் பையில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை பஸ் ஏறினேன்.

ரோஸ்லின் எங்கள் குழுவில் இளையவள், டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவள் வாய்க்குள்ளேயே ஜெபிப்பாள், பாதி விளங்காது. அதனால் கட்டில் பக்கத்தில் அவளைச் சத்தமாக ஜெபிக்க நான் விட்டதே இல்லை. பட்டியலை வாங்கும்போது, "அடுத்த ஞாயிறு நீங்க இல்லையே, யாரு டீச்சர் ஜெபம் பண்றது?" என்று பயந்தாள். "நீதான்" என்றேன். சொல்லும்போதே பாவம் நோயாளிகள் என்று நினைத்தேன்.

எனக்குப் பதினாலாம் கட்டில் கிடைத்தது. பதினைந்தில் அலவத்துகொடையைச் சேர்ந்த ரஹீமா ராத்தா; அவர்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. பித்தப்பையில் கல் எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கட்டிலைச் சுற்றி மகள்மாரும் மருமகள்மாரும் நின்றால் தாதிக்கு வழி கிடைக்காது.

மறுநாள் தாதி ஒரு படிவத்தோடு வந்தார். நெருங்கிய உறவினர் பெயர், தொடர்பு இலக்கம். "பிறகு தருகிறேன்" என்றேன். தாதி போகாமல் நின்றார். நாளைக்கு ஒப்பரேஷன், இன்றைக்கே வேண்டும்.

பதினைந்தாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மிஸ், ஏன்ட பேர எழுதுங்க. எங்கட கடை நம்பர் ஈக்குது, நான் செல்றேன்."

"நீங்க அவங்களுக்கு யாரு?" என்று தாதி அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"ராத்தா" என்றார் அவர், யோசிக்கவே இல்லை.

தாதி என் கழுத்திலிருந்த சின்னச் சிலுவையைப் பார்த்தார், அவர் தலை முக்காட்டைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே எழுதினார். தாதி போன பிறகு நான் நன்றி சொல்லப் போனேன். ராத்தா கையை அசைத்தார். "அத உடுங்க டீச்சர். ஊட்டுல செல்லாம வந்தீங்களா?"

யாரிடமும் சொல்லவில்லை என்று தலையசைத்தேன்.

"செல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, மருமகள் கொண்டுவந்த சோற்றைப் பிரித்துப் பாதியை என் சோற்றுக் கோப்பையில் போட்டார்.

நோயைவிட, ஊசியைவிட என்னை வதைத்தது பார்வையாளர் நேரம்தான். பன்னிரண்டு மணிக்கு வாசல் திறந்ததும் வாட்டு முழுக்கச் சனம். பிளாஸ்க், சாப்பாட்டுப் பெட்டி, பிள்ளைகள், விசாரிப்பு. ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி ஒரு வீடு வந்து நிற்கும். என் கட்டில் மட்டும் வெறுமனே இருக்கும். முதல் நாள் கட்டில் சீலையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன். இரண்டாம் நாள் துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், நேரம் முடியும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். நான் எத்தனை ஞாயிறுகள் இந்த நேரத்தில் சிரித்த முகத்தோடு வந்து, யாருமில்லாத கட்டில்களுக்கு ஐந்து நிமிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்! மிச்ச ஐம்பத்தைந்து நிமிடத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சத்திரசிகிச்சை. மயக்கம் தெளிந்தபோது கழுத்தில் மாலை போட்ட மாதிரி கட்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், உள்ளே கசியும் இரத்தம் வடிய ஒரு சின்னப் போத்தல். டாக்டர் குனிந்து, "டீச்சர், உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னேன். காற்றுத்தான் வந்தது.

திரும்பவும் சொன்னேன். அதே காற்று. டாக்டரின் முகம் ஒரு கணம் மாறியதைப் பார்த்தேன். நரம்பு அறுபடவில்லை, அசைத்ததில் அதிர்ந்து போயிருக்கிறது, வாரங்கள் ஆகலாம், மாதங்கள் ஆகலாம் என்றார். வராமல் போகலாமா என்று கேட்க எனக்குக் குரல் இல்லை. அவராகவும் சொல்லவில்லை.

அன்று மாலை எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கூப்பிட முடியாது. ராத்தா தன் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவந்து, பேணியில் தண்ணீர் ஊற்றி, ஒரு கையால் என் பிடரியைத் தாங்கிக் குடிக்க வைத்தார். பிறகு, மருந்து நாற்றத்தோடு சிக்கிப் போயிருந்த என் தலைமயிரை, கேட்காமலே, தன் சீப்பால் நுனியிலிருந்து மெதுவாகப் பிரித்து வாரிப் பின்னிவிட்டார். என் அம்மா செத்து இருபத்தாறு வருடம். அதற்குப் பிறகு யாரும் என் தலையில் கை வைத்ததில்லை. அழுதால் தையல் இழுத்தது, ஆனாலும் அழுதேன்.

சனிக்கிழமை காலை ராத்தாவுக்கு, இனிப் போகலாம் என்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகன் வான் கொண்டுவந்திருந்தார். சீப்பை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "தேவைப்பட்டா கடைக்கு ஒரு போன் கோல் எடுக்கச் செல்லுங்க, தெரியுமா?" என்றார். பதினைந்தாம் கட்டிலில் வேறொருவர் வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். கைத்தொலைபேசி எல்லாம் வராத காலம். எனக்கு யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டே காலுக்கு என் குழு வந்தது.

வாட்டு வாசலில் ரோஸ்லினின் ஊதாச் சேலையைக் கண்டேன்; கூட இன்னும் இரண்டு பேர். எங்கள் கிழமைச் சுற்றில் அந்த வாட்டும் உண்டு என்பதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. குழாயும் போத்தலுமாக இருந்தபடியால் குளியலறைக்கு ஓட முடியாது. போர்வைச் சீலையை இழுத்துத் தலைக்கு மேலே மூடிக்கொண்டேன். பண்டாரவளையில் இருக்க வேண்டியவள், பொய்யோடு பிடிபட்டுவிடுவேன் என்ற வெட்கம். அதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒவ்வொரு கட்டிலாக வந்தார்கள். பன்னிரண்டு. பதின்மூன்று. என் கால்மாட்டில் நின்றார்கள். "தூங்குறாங்க, எழுப்பக் கூடாது" என்றாள் ரோஸ்லின். சீட்டை யாரும் பார்க்கவில்லை. என் விதிகளை என்னைவிட ஒழுங்காகக் காத்தார்கள்.

பிறகு ரோஸ்லின் வாய்க்குள் ஜெபித்தாள். சீலைக்குள் கிடந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"ஆண்டவரே, இவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. லொக்கர்ல ஒரு சாமானும் இல்ல. யாரும் வரல போல இருக்கு. இவங்க கண்ணு முழிக்கும்போது பக்கத்துல ஒருத்தராவது இருக்கணும். நீங்க இருங்கப்பா."

லொக்கருக்கு மேல் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள் நகர்ந்தன.

அப்போது எனக்குப் பொய்யும் வெட்கமும் எல்லாம் விட்டுப்போயின. அவள் போகக் கூடாது, அவ்வளவுதான். சீலையைத் தள்ளினேன். மூன்று முதுகுகள் அடுத்த வரிசையைத் தாண்டிக் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. "ரோஸ்லின்!" என்று கத்தினேன். காற்று. மறுபடியும் கத்தினேன். காற்று. தகரப் பேணியை எடுத்து லொக்கரில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். பார்வையாளர் நேரத்து இரைச்சலில் அது யாருக்குக் கேட்கும்? பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "மிஸ்ஸைக் கூப்பிடவா?" என்றார். ஊதாச் சேலை கதவுக்கு வெளியே போய்விட்டது.

லொக்கருக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தோடம்பழம் இருந்தது. சாப்பாடு கொடுக்கக் கூடாது என்ற விதியை மட்டும் அவள் மீறியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை தையல் பிரித்து அனுப்பினார்கள். தனியாக ஓட்டோவில் கட்டுகஸ்தோட்டைக்கு வந்தேன். பழத்தை உரிக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். கழுத்தில் சத்திரசிகிச்சை, குரல் இல்லை, பரிசோதனை முடிவு வரவில்லை, தனியாக இருக்கிறார் என்று மற்றவர்களுக்கு எழுதுவதுபோலவே எழுதினேன். தனியாக என்ற சொல்லை எழுத நேரம் எடுத்தது. கடைப் பையனிடம் கொடுத்துப் போதகர் ஐயாவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன். ஐயா என் பெயரை வாசித்தபோது சபை முழுக்கத் திரும்பியது. ஆராதனை முடிந்ததும் ரோஸ்லின் நேரே வந்தாள்.

"பண்டாரவளன்னு சொன்னீங்களே டீச்சர்! எந்த வாட்டுல இருந்தீங்க?"

பேச முடியாது. பையைத் திறந்து தோடம்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் பழத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகம் வெளிறியது, பிறகு சிவந்தது. அவள் என்னிடம் கோபப்பட்டு நான் கண்டதில்லை.

"பதினாலா? அது நீங்களா? எனக்கு மனசு கேக்கல டீச்சர். சீலைய வெலக்கி ஒரு தடவ மொகத்தப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். நீங்கதான் எழுப்பக் கூடாதுன்னீங்க!" அழுதுகொண்டே கேட்டாள்: "நாங்க எல்லாரையும் போய்ப் பாக்கலாம், ஒங்கள மட்டும் பாக்கக் கூடாதா?"

பத்தொன்பது வருடம் ஊழியம் என்று சொல்லிக்கொண்டு, கொடுக்கிற பக்கத்தை நான் ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று அவள் என்னோடு பஸ் ஏறி வந்தாள், கஞ்சி வைத்தாள், இரவு தங்கினாள். பழத்தை உரித்து ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது, புற்றுநோய் இல்லை. குரல் நாலு மாதத்தில் பாதி வந்தது. மிச்சப் பாதி இன்னும் வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு கரகரத்து அடங்கிவிடும். பாட முடியாது.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்பதாம் ஞாயிறு குழுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரோஸ்லின் வாய்க்குள் ஜெபித்தாள். நான் கையில் நகவெட்டி கொண்டுபோயிருந்தேன். பெண்கள் வாட்டில் மாத்தளைப் பக்கத்து அம்மா ஒருவர், இரண்டு கையிலும் கட்டு. கால் நகங்களைக் காட்டி, வெட்டட்டுமா என்று சைகையில் கேட்டேன். அவர் கூச்சத்தோடு காலை நீட்டினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ரோஸ்லின் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். நான் மூடவில்லை, நகம் வெட்டும்போது மூட முடியாது.

அந்த அம்மாவும் மூடவில்லை. என் கழுத்துத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் சொல்லி முடிந்ததும் கேட்டார்.

"ஒங்களுக்கு என்னம்மா செய்யுது?"

எனக்கு ஒண்ணுமில்ல என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, இருந்த கொஞ்சக் குரலில், ஆரம்பத்திலிருந்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.